கருமையும் கவினும்

அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி, ஆடையணி ஆகியவற்றில் கறுப்பின அழகு: ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

2014-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் தொலைக்காட்சி பற்றிய திறனாய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. வயோலா டேவிஸ் என்னும் கறுப்பின நடிகையார் தலைமைப் பாத்திரம் ஏற்ற 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' என்னும் தொடர் அப்போது தொடங்கவிருந்தது. கட்டுரையாளர் கெரி வாஷிங்டன், ஹாலி பெர்ரி ஆகிய நடிகையரோடு டேவிஸை ஒப்பிட்டார். அவர்தம் கருநிறத்தைச் சுட்டியதோடு அமையாது, 'செவ்வியல் அழகு' அவரிடத்துக் குறைவு என்னும் பொருள்படவும் எழுதினார். படித்தோர் பலர் சினந்தனர், மறுப்புகள் எழுந்தன, சின்னாளில் அப் பேச்சு அடங்கியது.

சினம் அடங்கிய பின்னரும் அச் சொல் நம்மை விட்டகலவில்லை. 'செவ்வியல்' என்னும் சொல்லின் எடை தமிழ் பயில்வோர் நன்கு அறிந்ததே. நம் மொழியைச் செம்மொழி என 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்னர் எவை செம்மொழித் தகுதிகள், அவற்றை வகுத்தவர் யாவர், வகுத்தபோது எம்மொழிகளைக் கண்முன் வைத்து வகுத்தனர் என்று நெடுங்காலம் வழக்காடியவர் நாம். ஆதலின் செவ்வியல் என்பது ஒரு பொருளின்கண் இயல்பாகவே அமைந்துகிடக்கும் பண்பு மட்டும் அன்று என்பதும், யாரோ ஒருவர் ஓர் அளவுகோலைக் கையிற்கொண்டு அளந்து உரைக்கும் தீர்ப்பும் ஆகும் என்பதும் நமக்குப் புதியன அல்ல. அந்த அளவுகோல் எங்ஙனம் ஆக்கப்பட்டது, இன்று அதனை மாற்ற முயல்வோர் எங்ஙனம் முயல்கின்றனர் என்பவற்றை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கருத்தை முன்னரே சுருங்கக் கூறுவோம். திரையில் ஒரு முகம் இடம்பெறுவது வேறு. அம்முகம் காணப்படுவது வேறு. கறுப்பின அழகு பற்றிய இக்காலப் பேச்சு பெரும்பாலும் முன்னதையே எண்ணிக் கணக்கிடுகின்றது. திறனாய்வாளன் கருதவேண்டுவதோ பின்னதாகும். ஒளி, கூந்தல், ஆடையணி என்னும் மூன்றன்கண் ஒரு படைப்பு எத்துணை அறிவோடும் பொறுப்போடும் நடந்துகொள்கின்றது என்று வினவினாலன்றி, அது காட்டும் அழகைப் பற்றி நாம் கூறுவன யாவும் வெறும் வாழ்த்தாகவோ வசையாகவோ முடியும்.

2. அளவுகோல் ஆக்கப்பட்ட வகை

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்பார் உளவியல் அறிஞர். கணவனும் மனைவியும் ஆவர். அவர்கள் 1940-களில் கறுப்பினக் குழந்தைகள்முன் நிறத்தால் மட்டும் வேறுபட்ட பாவைகளை வைத்து, எது நல்ல பாவை, எதன் நிறம் நல்ல நிறம் என வினவினர். குழந்தைகளுட் பெரும்பாலோர் வெள்ளைப் பாவையையே சுட்டினர். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்கண் கிளார்க்கின் ஆய்வும் சான்றாகக் குறிக்கப்பெற்றது. எழுத்தறியாப் பருவத்திலேயே அளவுகோல் உள்ளத்தில் ஊன்றப்பட்டுவிடுகின்றது என்பதனை இஃது உணர்த்துகின்றது.

அஃது எங்கே ஊன்றப்படுகின்றது என்பதனைத் தெளிவுற உரைத்தவர் டோனி மாரிசன் ஆவார். 1970-இல் வெளிவந்த அவர்தம் முதற் புதினம் 'தி புளூயஸ்ட் ஐ'. ஒகையோ மாநிலத்து லொரெய்ன் நகரில் 1941-ஆம் ஆண்டில் நிகழும் அக்கதையில் பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டுமென ஏங்கி, ஈற்றில் அறிவு திரிகின்றாள். வாசகர் பெரிதும் நினைவிற்கொள்வது அவளையே. நம் ஆய்வுக்கோ அவள் தாய் பாலின் முதன்மையானவள். தனிமையைப் போக்கத் திரையரங்கிற்குச் செல்லும் பாலின், இருளில் அமர்ந்து வெண்டிரை மகளிரைக் கண்டு, அழகு இன்னதென அங்கேதான் கற்றுக்கொள்கின்றாள். ஜீன் ஹார்லோ என்னும் நடிகையைப் போலத் தன் முடியை ஒப்பனை செய்துகொண்டு படம் பார்க்கும் ஒருநாள், இனிப்பைக் கடிக்கையில் அவள் பல் ஒன்று பெயர்ந்து விடுகின்றது. திரை கற்பித்த அழகும் தன் உடலும் பொருந்தாமையை அவள் அப்போது உணர்கின்றாள். தன் மகளை அழகற்றவள் எனக் கருதும் கண்ணும் அவளுக்கு அங்கே வாய்த்ததேயாகும். திரைக்கலை பற்றிய திறனாய்வு நூல்கள் பலவற்றினும் இவ்வொரு பகுதி நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றது எனலாம்.

மாரிசன் உள்ளத்தின் பக்கம் நின்று கூறியதனைக் கருவியின் பக்கம் நின்று ஆராய்ந்தவர் லோர்னா ரோத் என்னும் கனடிய ஆய்வாளர். 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் 'ஷெர்லி அட்டை' என்பதன் வரலாற்றை விளக்கினார். வண்ணப் படச்சுருளைக் கழுவி அச்சிடும் நிலையங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு பெண்ணின் படம் பொறித்த அட்டையை அனுப்பிற்று. முதற்கண் படமாக்கப்பட்ட பணிப்பெண்ணின் பெயரால் அஃது ஷெர்லி அட்டை எனப்பட்டது. அப் பெண் வெள்ளையினத்தவள். அவள் மேனி நிறம் அட்டையிற் செவ்வையாகத் தோன்றுமாயின் நிறச்சமன் சரியென்பது தொழில் வழக்கு. விளைவு யாதெனில், வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒருங்கிருந்த பள்ளிப் படங்களில் முன்னவரின் முகங்கள் தெளிவாகவும், பின்னவரின் முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் புலப்பட ஏனைய யாவும் இருளில் கரைந்தனவாகவும் அமைந்தன. பிற்காலத்தில் படச்சுருளின் வேதியியல் திருந்துவதற்குச் சாக்லேட் செய்வோரும் மரத்தளவாடம் செய்வோரும் தம் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் விழவில்லை எனக் குறைகூறியமை ஒரு காரணம் என ரோத் எழுதுகின்றார். மக்கள் முகத்தின் பொருட்டு எழாத கவலை மரப்பலகையின் பொருட்டு எழுந்தது என்பது எண்ணுந்தோறும் வருத்துவதாகும். பல இனத்துப் பெண்களும் இடம்பெற்ற அட்டை 1990-களிலேயே வந்தது.

இம் மூன்று சான்றுகளையும் ஒருங்குவைத்து நோக்கின் உண்மை விளங்கும். கறுப்பின முகம் அழகற்றது என முடிவு செய்த பின்னர் அதனைத் திரை புறக்கணித்தது என்பது மட்டும் அன்று. அதனைச் செவ்வையாகப் பதியவல்ல கருவியையே ஆக்காது விட்டு, பின்னர்க் கருவி தந்த மங்கிய உருவையே சான்றாகக் காட்டி, அம்முகம் அழகற்றது என்று தீர்ப்புரைக்கவும் ஏதுவாயிற்று. 'செவ்வியல் அழகு' என்பதன் பின்னே இவ்வளவும் உண்டு.

3. ஒளி

கருமேனி ஒளியைக் குறைவாகவே திருப்பியனுப்பும். ஆயின் தன் மேற்பரப்பில் பளபளப்பை நன்கு தாங்கும். வெண்மேனிக்கென வகுத்த முறையில் ஒளியை மிகுதியாகப் பாய்ச்சினால் முகம் தட்டையாகும். பளபளப்பைக் குற்றமெனக் கருதிப் பொடி பூசினால் சாம்பல் படர்ந்ததுபோலாகும். இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்ட படைப்பு, பேரி ஜென்கின்ஸ் இயக்கி 2016-இல் வெளிவந்த 'மூன்லைட்'. அடுத்த ஆண்டில் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதினை அது பெற்றது. டாரெல் ஆல்வின் மெக்ரேனி எழுதிய நாடகம் ஒன்று இதற்கு மூலமாகும். நிலவொளியில் கறுப்பினச் சிறுவர் நீலமாகத் தோன்றுவர் என்பது அந் நாடகத்தின் தலைப்பிலேயே அமைந்த கருத்து.

மயாமி நகரின் வெயிலில் வளர்ந்த ஜென்கின்ஸ், அவ்வெயிலில் வியர்வையால் மின்னும் மேனியைத் தாம் கண்டவாறே காட்ட விரும்பினார். ஆகவே நடிகர் மேனியிற் பொடியைத் தவிர்த்து எண்ணெய் பூசச் செய்தார். ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டனோ முகத்தின் ஒருபால் ஒளியையும் மறுபால் ஆழ்ந்த நிழலையும் அஞ்சாது நிறுத்தினார். படம் மின்னணு முறையில் எடுக்கப்பட்டதேனும், அதன் மூன்று பகுதிகளுக்கும் மூவேறு படச்சுருள்களின் நிறப்பண்பு பின்னர் ஊட்டப்பெற்றது. இவையாவும் கதைக்குப் புறம்பான அழகுவேலை அல்ல. தன்னை எவரும் உற்றுநோக்காத சிறுவன் ஒருவன் தான் யார் எனத் தேடுவதே கதை. அவனை உற்றுநோக்குதல் என்பதனைப் படம் பேச்சால் அன்றி ஒளியால் நிறைவேற்றுகின்றது. இறுதியில் கடற்கரையில் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும் அச்சிறுவனின் நீல மேனி அணியன்று, அதுவே பொருள்.

ஈண்டு நம் பிழை ஒன்றனையும் கூறுதல் முறையாகும். ஒருமுறை இப் படத்தினை முதுகலை மாணாக்கர்க்கு வகுப்பறையில் திரையிட்டோம். சாளரத் திரைகள் முற்றும் மூடாத அறை, பழைய படவீழ்த்தி. தொடங்கிய சிறிது நேரத்தில், "ஒன்றும் தெரியவில்லையே" என ஒரு மாணவர் முறையிட, நாம் சற்றும் எண்ணாது கருவியின் ஒளியளவை உயர்த்தினோம். முகங்கள் 'தெரிந்தன', நீலம் போயிற்று, நிழல் போயிற்று, இறுதிக் காட்சியில் நின்ற சிறுவன் சாம்பல் நிறத்தவனாக இருந்தான். மறுநாள் இருட்டறையில் நல்ல திரையொன்றில் அக் காட்சியை மட்டும் மீண்டும் காட்டியபோது, முறையிட்ட அம் மாணவரே, "நேற்றுப் பார்த்ததும் இந்தப் படம்தானா, ஐயா?" என்றார். நமக்கு மறுமொழி இல்லை. ஷெர்லி அட்டையைப் பற்றிப் படித்திருந்த நாமே, நம்மையறியாது ஒரு ஷெர்லி அட்டையைக் கையில் வைத்திருந்தோம். 'தெளிவு' எனப்படுவது யாருக்குத் தெளிவு என வினவவேண்டும் என்பதனை அன்று நன்கு கற்றோம்.

தொலைக்காட்சித் துறையிலும் இவ்வறிவு பரவியுள்ளது. இசா ரே எழுதி நடித்து, 2016 முதல் 2021 வரை வெளிவந்த 'இன்செக்யூர்' என்னும் தொடரின் ஒளிப்பதிவாளர் அவா பெர்கோஃப்ஸ்கி, ஒளியை நேரே பாய்ச்சாது வெண்பரப்பின்மேற் பட்டுத் தெறிக்கச் செய்தும், முகத்தில் ஈரப்பசைக் களிம்பினால் மினுக்கம் நிலவச் செய்தும், இரவுக் காட்சிகளிலும் கருமேனியின் பல்வேறு சாயல்களை வேறுபடுத்திக் காட்டினார். அத் தொடரின் கதை எளியது. நண்பர்தம் காதலும் வேலையும் பற்றியது. ஆயின் கறுப்பு என ஒரே சொல்லால் நாம் குறிப்பது எத்தனை நிறங்கள் என்பதனைச் சொற்பொழிவின்றி உணர்த்திய சிறப்பு அதற்குண்டு.

4. கூந்தல்

கறுப்பின மகளிர்க்குக் கூந்தல் அழகுப்பொருள் மட்டும் அன்று; வேலையும் பள்ளியும் கிடைப்பதும் கிடையாமையும் அதனைப் பொறுத்திருந்தன. இயற்கையான சுருள்முடியும் பின்னல்களும் 'ஒழுங்கற்றவை' என அலுவலகங்களாலும் பள்ளிகளாலும் தடுக்கப்பட்டன. இவ் வேறுபாட்டினைத் தடுக்கும் 'கிரவுன்' சட்டத்தினை 2019-இல் கலிஃபோர்னியா முதற்கண் இயற்றிற்று. பின்னர் வேறு பல மாநிலங்களும் இயற்றின. தலைமுடியைத் தன் இயல்பில் வைத்துக்கொள்ளச் சட்டம் வேண்டியிருந்தது என்பதனை நினைவிற்கொண்டே திரையில் தோன்றும் கூந்தலையும் நோக்கவேண்டும்.

1963-இல் தொடங்கிய 'ஈஸ்ட் சைட் வெஸ்ட் சைட்' என்னும் தொடரில் சிசிலி டைசன், சுருள்முடியைக் குறுக வெட்டிய நிலையில் தோன்றினார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அஃது ஒரு தொடக்கம். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் 1968-இல் 'ஜூலியா' வந்தது. டயன் கேரல் செவிலியாக, கணவனைப் போரில் இழந்த தாயாக, தலைமை ஏற்றார். கறுப்பினப் பெண்ணைப் பணிப்பெண்ணாக மட்டுமே காட்டிவந்த வழக்கை அஃது உடைத்தது உண்மை. எனினும் அக்காலத்துத் திறனாய்வாளர் சிலர், அவள் வாழ்வு கறுப்பின மக்களின் உண்மை நிலைக்கு மிகவும் அகன்றது எனக் குறைகண்டனர். நம் கருத்தில் இரு தரப்பும் ஒரு பகுதி உண்மையைக் கொண்டனவே. ஜூலியா இடம்பெற்றாள், டைசன் காணப்பட்டார்.

நாம் தொடக்கத்திற் சுட்டிய வயோலா டேவிஸின் தொடருக்கு இனி வருவோம். செவ்வியல் அழகு பற்றிய கட்டுரை வந்து ஒரு திங்கள் கழிவதற்குள், தொடரின் நான்காம் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதன் இறுதியில் அனலிஸ் கீட்டிங் என்னும் அவ் வழக்கறிஞர் கண்ணாடிமுன் அமர்கின்றாள். அணிகளைக் களைகின்றாள், பொய்ம்முடியை எடுக்கின்றாள், ஒட்டிய இமைமயிரை நீக்குகின்றாள், முகப்பூச்சைத் துடைக்கின்றாள். பின்னர்க் கணவன்பால் திரும்பி, இறந்த பெண்ணொருத்தியின் கைப்பேசியிற் கண்டதனைப் பற்றி வினவுகின்றாள். இக் காட்சி வேண்டுமென டேவிஸே வற்புறுத்தினார் என்பதும் அறியத்தக்கது.

ஒப்பனை செய்துகொள்ளுங் காட்சிகள் கலையில் எண்ணிறந்தன. நம் சிற்றிலக்கியங்களில் கேசாதிபாதமென முடிமுதல் அடிவரை அழகினை வரிசைப்படுத்தும் மரபும் உண்டு. ஒப்பனை களையுங் காட்சியோ அரிது. களைந்த பின்னர் அப்பெண் பேசுங் காட்சி அதனினும் அரிது. கண்ணகி அரசவையில் வழக்குரைக்கச் சென்றபோது விரித்த கூந்தலளாய்ச் சென்றாள் என்பதனைத் தமிழ் மாணாக்கர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. இருவர்தம் காலமும் அறமும் வேறு. ஒப்புமை இத்துணையே: உண்மையைக் கேட்கப் புகும் பெண் அணியைத் துறந்து நிற்கின்றாள். டேவிஸின் காட்சியில் அத் துறவு இரட்டைப் பொருளுடையது. களையப்பட்ட பொய்ம்முடி கணவன்முன் அணிந்தது மட்டும் அன்று. செவ்வியல் அழகு கேட்ட காண்போர்முன் அணிந்ததும் ஆகும். அடுத்த ஆண்டு, 2015-இல், தொடர்நாடகத் தலைமை நடிகைக்கான எம்மி விருதினை டேவிஸ் பெற்றார். அவ் விருது பெற்ற முதற் கறுப்பினப் பெண் அவரே.

இதே பொருள் நகைச்சுவையாகவும் வந்துள்ளது. 2018-இல் வெளிவந்த 'பிளாக் பேந்தர்' படத்தில் ஒகோயே என்னும் மறத்தி, மாறுவேடத்தின் பொருட்டு அணிந்த பொய்ம்முடியை வெறுத்து, சண்டை மூண்டவுடன் அதனைக் கழற்றிப் பகைவன் முகத்தில் எறிகின்றாள். திரையரங்கிற் சிரிப்பெழும் அவ்விடத்தில் ஒரு நூற்றாண்டின் துன்பமும் உடனிருக்கின்றது.

5. ஆடையணி

ஆடையணித் துறையில் வரலாறு மேலட்டைகளால் எழுதப்படுவது வழக்கம். அமெரிக்க 'வோக்' இதழின் மேலட்டையில் கறுப்பினப் பெண் முதன்முதல் தோன்றியது 1974 ஆகஸ்டில்; அவர் பெவர்லி ஜான்சன். அவ் விதழின் மேலட்டைப் படத்தைக் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் ஒருவர் முதன்முதல் எடுத்தது 2018 செப்டம்பரில். அவர் டைலர் மிட்செல். இடைப்பட்ட நாற்பத்துநான்கு ஆண்டுகளைக் கருதுக. முகம் நுழைந்த பின்னரும், அம்முகத்தைக் காணும் கண் நுழைய அத்துணைக் காலம் சென்றது.

மேலட்டைக்குப் புறத்தே நிகழ்ந்தவை நமக்கு இன்னும் சிறந்தனவாகத் தோன்றுகின்றன. 1962 ஜனவரியில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், குவாமே பிராத்வெயிட் என்னும் ஒளிப்படக் கலைஞரும் அவர் கூட்டத்தாரும் 'நேச்சுரலி 62' என்னும் ஆடைக்காட்சியை நடத்தினர். கிராண்டாசா மகளிர் எனப்பட்ட அக் காட்சியின் பெண்கள் கருநிறத்தையும் இயற்கை முடியையும் மறையாது தோன்றினர். 'கறுப்பு அழகியது' என்னும் முழக்கத்தைப் பரப்பியதில் இக் கூட்டத்தார்க்குப் பெரும்பங்கு உண்டு. இவர்கள் எவருடைய இதழிலும் இடம் கேட்கவில்லை. தம் கருவியால் தம்மைக் கண்டனர்.

1973 நவம்பர் 28-இல் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு ஆடைக்கலைஞர் ஐவரும் அமெரிக்க ஆடைக்கலைஞர் ஐவரும் எதிரெதிர் காட்சி நடத்தினர். பிரெஞ்சுக்காரர் பெரும் அரங்கப் பொருள்களோடு வந்தனர். அமெரிக்கர் ஏறத்தாழ வெற்றரங்கில், பதிவிசையோடு, பேட் கிளீவ்லண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர் முதலிய கறுப்பின மகளிர் நடந்த நடையால் அவையை எழுந்து நிற்கச் செய்தனர். 'நடை' என்னும் நம் சொல் ஒருவர் நடத்தலையும் எழுத்தின் பாங்கினையும் ஒருங்கே குறிக்கும். அன்று வென்றது அவ்விரு பொருளிலும் நடையே எனலாம். அழகு முகத்தின் வடிவில் மட்டும் உறைவது எனக் கொண்ட அளவுகோல் அங்கே பயன்படாது போயிற்று.

திரை ஆடைக்கலையில் ரூத் கார்ட்டரைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. 'பிளாக் பேந்தர்' படத்திற்காக 2019-இலும், அதன் தொடர்ச்சிக்காக 2023-இலும் அவர் ஆஸ்கார் பெற்றார். அரசித்தாயின் தலையணிக்கு சூலு இனத்து மணமான மகளிரின் தொப்பி, மறத்தியர் கழுத்தணிக்கு இண்டெபெலே மகளிரின் வளையங்கள், எல்லை காப்போர்க்கு லெசோத்தோ நாட்டுப் போர்வை என அவர் ஆப்பிரிக்க மரபுகள் பலவற்றை ஆராய்ந்து எடுத்தாண்டார். அவற்றின் எழில் ஐயத்திற்கு இடமற்றது. எனினும் தடையொன்று கூறவேண்டும். நெடுந்தொலைவிலுள்ள வெவ்வேறு மக்களின் அணிகள் ஒரே கற்பனை நாட்டின்கண் ஒருங்கு வைக்கப்படும்போது, ஒவ்வொன்றும் தன் ஊரில் உணர்த்திய பொருள் மறைகின்றது. மணமான நிலையைக் குறித்த தொப்பி மாட்சியை மட்டும் குறிக்கும் முடியாகின்றது. தம் மூதாதையர் எந்நாட்டினர் என்பதே அறியவொண்ணாதவாறு அடிமை வாணிகத்தால் வேரறுக்கப்பட்ட மக்கள், ஆப்பிரிக்கா முழுவதையும் தம் தாயகமாகக் கனாக்காண்பது இயல்பே என்பர். அவ் விடையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் கனவின் உரிமையும் சூலு மூதாட்டியின் உரிமையும் ஒருங்கு எண்ணப்படவேண்டும்.

இத் தடை நமக்கும் நேரே உறைக்கும் இடம் ஒன்றுண்டு. ஷோண்டா ரைம்ஸின் நிறுவனம் தயாரித்த 'பிரிட்ஜர்ட்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில், 2022-இல், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் ஆகிய இருவர் தலைமை மகளிராயினர். கருநிறத் தலைவியர்க்குக் கறுப்பினப் படைப்பாளர் திறந்த வாயில்வழியே நம்மவரும் புகுந்தனர் என்பதில் ஐயமில்லை. தமக்கை தங்கையின் கூந்தலுக்கு எண்ணெய் தடவுங் காட்சி நம் வீடுகளின் மணத்தோடு வந்தது. அதே மகளிர் தந்தையை 'அப்பா' என்றும், தமக்கையை 'தீதி' என்றும், தங்கையை வங்காள மொழியில் 'போன்' என்றும் விளித்தபோது நாம் திடுக்கிட்டோம். முகம் நம்முடையது, மரபு ஒருவருடையதும் அன்று. சூலு மூதாட்டி உணர்ந்திருக்கக்கூடியது யாதென அப்போது ஓரளவு விளங்கிற்று.

6. எண்ணிக்கையும் வாணிகமும்

இனி இரு தடைகளை ஆராய்வோம்.

'இன்று கறுப்பின அழகு எங்கும் போற்றப்படுகின்றது. குறை தீர்ந்தது' என்பது ஒன்று. 2019-ஆம் ஆண்டில் உலக அழகி, பிரபஞ்ச அழகி, அமெரிக்க அழகி முதலிய ஐந்து பெரும் பட்டங்களும் ஒருசேரக் கறுப்பினப் பெண்கள்பால் இருந்தன. 2017-இல் பாடகி ரிஹானாவின் 'ஃபென்ட்டி' நிறுவனம் நாற்பது நிறச்சாயல்களில் முகப்பூச்சினை வெளியிட, ஏனைய நிறுவனங்களும் தம் வரிசையை நீட்டின. இவை நன்மைகளே, தன் நிறத்திற்குரிய பூச்சு கடையில் இல்லை என்னும் இழிவு குறைந்தது. ஆனால் 2023-இல் நடிகர் சங்கம் நெடிய வேலைநிறுத்தத்திற்குப் பின் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும், எல்லா நிற நடிகர்க்கும் ஏற்ற கூந்தல் ஒப்பனையும் முக ஒப்பனையும் வேண்டும் என்னும் கூறு இடம்பெறவேண்டியிருந்தது. தீர்ந்த குறைக்கு எவரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை.

'அழகு என்பதே பெண்களைப் பிணிக்கும் தளை. ஒரு தளையில் எல்லாரும் பங்கு கேட்பது விடுதலையாகுமா?' என்பது மற்றொன்று. இது வலிமையுடைய தடை. எளிதில் தள்ளுதற்கு உரியதன்று. நடிகை லுபிட்டா நியோங்கோ 2014-இல் ஆற்றிய உரையொன்று இதற்கு விடை காண உதவும். சிறுமியாய் இருந்தபோது தன் நிறம் வெளுக்கவேண்டுமென இறைவனை வேண்டியதையும், தென்சூடான் நாட்டு அலெக் வெக் என்னும் கருநிற ஆடையழகி உலகெங்கும் போற்றப்பட்டமை தன் எண்ணத்தை அசைத்ததையும் அவர் அதிற் கூறினார். அழகை உண்டு உயிர்வாழ இயலாது எனத் தன் தாய் அறிவுறுத்தியதையும் உடன் கூறினார். இரண்டும் உண்மை. அழகு உணவாகாது என்பதனை உண்டு நிறைந்தவர் எளிதிற் கூறலாம். பசித்த குழந்தைக்கு முதலில் உணவு காட்டப்படவேண்டும். பெக்கோலாவிற்கு அஃது எவராலும் காட்டப்படவில்லை என்பதே மாரிசனின் கதை.

7. முடிவுரை

அண்மையில் வந்த படம் ஒன்றனைக் கொண்டு நம் அளவையைச் சோதித்து முடிப்போம். ரயன் கூக்ளர் இயக்கிய 'சின்னர்ஸ்' 2025-இல் வெளிவந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1932-ஆம் ஆண்டில் நிகழ்வது. ஒளிப்பதிவு ஆட்டம் டுரால்ட் அர்கபா. ஆடை ரூத் கார்ட்டர். ஆனி என்னும் மருத்துவப் பெண்ணாக வுன்மி மொசாக்கு நடித்தார். இறந்த குழவியின் கல்லறையருகே வாழும் ஆனி, பிரிந்துசென்று மீண்ட கணவனை எதிர்கொள்ளும் பகுதி நம் உள்ளத்தை விட்டு நீங்காதது. கருநிறமும் பருத்த மேனியும் உடைய நடுவயதுப் பெண்ணைத் திரை பெரும்பாலும் தாயாகவோ சிரிப்பிற்குரியவளாகவோ மட்டுமே கண்டுவந்தது. இங்கே அவள் காதலுக்குரியவள், அறிவிற் சிறந்தவள், அவள் சொற்கு ஆடவர் அஞ்சுகின்றனர். அவள் அழகியவள் எனப் படத்தில் எவரும் வாதிடுவதில்லை. ஒளி அவள்மேல் தங்குகின்றது, அது போதும். இப் படம் எடுக்கப்பட்டது கோடாக் நிறுவனத்தின் பெரும்படிவப் படச்சுருளில் என்பதனையும் நினைக்க. ஷெர்லி அட்டையை அனுப்பிய அதே நிறுவனத்தின் சுருள்! அறிந்தோர் கையில் கருவியும் கற்றுக்கொள்கின்றது.

தமிழ் மாணாக்கர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். சங்கச் சான்றோர் மகளிர் மேனியழகை 'மாமை' என்றனர். உரையாசிரியர் மாந்தளிர் நிறம் என அதனை விளக்கினர். பிரிவுத் துயரால் அம் மாமை கெட, மேனியில் வெளிறிப் படர்வது பசலை. பசலை நோயேயன்றி அழகன்று. மாமையும் கறுப்பின அழகும் ஒன்றென நாம் கூறவில்லை. அவற்றின் வரலாறு வேறு, துன்பம் வேறு. வெளிறிய நிறத்தை நலிவின் அடையாளமாகக் கொண்ட அளவுகோலும் உலகில் இருந்தது என்பதே நாம் கூறுவது. ஆதலின் இன்று வழங்கும் அளவுகோல் இயற்கையன்று. 2020-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிளர்ச்சி உலகெங்கும் எதிரொலித்தபோது, நம் நாட்டு முகக்களிம்பு ஒன்றின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. சொல் நீங்கிற்று, நம் திரையிலும் விளம்பரத்திலும் பசலையே இன்னும் கவினாக ஆட்சி செய்கின்றது.

மாமையைப் பாடம் சொல்லிவிட்டு வகுப்பறையை விட்டு வெளிவரும் நாம், அடுத்த முறை ஒரு கரிய முகம் திரையில் தோன்றித் தெளிவாக இல்லையெனத் தோன்றுமாயின், ஒளியளவை உயர்த்துமுன் ஒருகணம் நிற்போமாக. தெரியாமை முகத்தினுடையதா, நம் கண்ணினுடையதா என வினவுவோமாக. இத்துறையில் ஆராயப்புகும் மாணாக்கர்க்கு அவ் வினாவே முதற் பாடமாகும்.